குழாய் எட்டாத வீடுகள்

செப்டிக் டேங்க் பொங்கினால் வீட்டுக்காரர் மேல் வழக்கு. டவுன் சாக்கடையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், அந்தப் பக்கம் குழாயே கிடையாது. அமெரிக்காவின் லவுன்ட்ஸ் கவுன்ட்டியில் மண்ணும் பணமும் நிறமும் சேர்ந்து போட்ட முடிச்சு இது.

அலபாமா மாநிலச் சட்டப்படி, வீட்டுக் கழிவுநீரை முறையாக அகற்றாமல் தரையில் விடுவது குற்றம். வழக்குப் போடலாம், அபராதம் விதிக்கலாம், கைதும் செய்யலாம். படித்தால் நியாயமான சட்டமாகத்தான் தெரியும். மலம் கலந்த தண்ணீரைப் பக்கத்து வீட்டுப் பக்கம் ஓடவிடுகிறவருக்கு யார் பரிந்து பேசுவார்கள்? ஆனால் லவுன்ட்ஸ் கவுன்ட்டியில் இந்தச் சட்டம் யார் மேல் பாய்ந்தது என்று பார்த்தால் வயிறு எரிகிறது. செப்டிக் டேங்க் வைக்கக் காசில்லாத ஏழைகள் மேல் பாய்ந்தது. கடன் வாங்கி வைத்தும், மண் தண்ணீரை உறிஞ்சாததால் டேங்க் பொங்கிவிட்டவர்கள் மேலும் பாய்ந்தது. மழைக்காலத்தில் குளியல் தொட்டிக்குள் சாக்கடை ஏறி வந்து நின்ற வீட்டுக்காரரே குற்றவாளியாகவும் ஆனார்.

லவுன்ட்ஸ், மான்ட்கோமரி நகருக்கும் செல்மா நகருக்கும் நடுவே இருக்கிறது. சுமார் 1,850 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 10,311 பேர். பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவர். சதுர கிலோமீட்டருக்கு ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அதே பரப்புக்கு 555 பேர் இருந்தார்கள். அங்கே ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக வண்டி எடுக்க வேண்டியிருக்கும். தொழிற்சாலையில் செய்து லாரியில் இழுத்துவந்து நிறுத்தும் ‘மொபைல் ஹோம்’ வீடுகள் நிறைய. அவற்றில் பலவற்றின் பின்புறம் ஒரு பிவிசி குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். கழிவறையிலிருந்து கிளம்பி, சில மீட்டர் ஓடி, ஒரு பள்ளத்திலோ மரங்களுக்கு நடுவிலோ முடிந்துவிடும். ‘ஸ்ட்ரெய்ட் பைப்’ என்பது அதற்கு அந்த ஊர்ப் பெயர். டேங்கும் கிடையாது, உறிஞ்சுகுழியும் கிடையாது.

கவுன்ட்டியில் எத்தனை வீடுகளில் இந்த நிலை என்று கேட்டால், 40 முதல் 90 சதவீத வீடுகளில் செப்டிக் அமைப்பு இல்லை அல்லது போதுமானதாக இல்லை என்பார்கள். பல ஆண்டுகளாக எல்லோரும் சொல்லிவரும் மதிப்பீடு இது. 40-க்கும் 90-க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி! நிலவுக்கு ஆள் அனுப்பிய நாட்டில், ஒரு சின்னக் கவுன்ட்டியில் எத்தனை வீடுகளுக்குக் கழிவறை வசதி சரியாக இருக்கிறது என்று யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை என்பதைத்தான் அந்த இடைவெளி சொல்கிறது.

கரிசல் குடிக்காத தண்ணீர்

செப்டிக் டேங்க் செய்வது பாதி வேலைதான். உள்ளே போகும் கழிவில் கனமானது அடியில் சேறாகப் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கும். நடுவிலுள்ள கலங்கல் நீர் மறுபக்கக் குழாய் வழியே வெளியேறும். பார்வைக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தாலும் அதில் நோய்க்கிருமிகள் அப்படியே இருக்கும். அவற்றைக் கொல்வதும் வடிகட்டுவதும் மண்ணின் பொறுப்பு. துளையிட்ட குழாய்களை மண்ணுக்கடியில் பரப்பி, அந்த நீரை மெல்ல மெல்லக் கசியவிட வேண்டும். காற்றோட்டமுள்ள மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மீதி வேலையை முடித்துவிடும். அதனால்தான் டேங்க் வைப்பதற்கு முன் ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று அளந்து பார்க்கிறார்கள். டேங்கை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும், சுற்றியுள்ள மண் ஒத்துழைக்காவிட்டால் பயனில்லை.

லவுன்ட்ஸ் மண் ஒத்துழைக்காது. அந்த வட்டாரத்துக்கே ‘பிளாக் பெல்ட்’ என்று பெயர். முதலில் அது அங்குள்ள கறுத்த மண்ணைக் குறித்தது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்தவர்களுக்கு இந்த மண்ணை விளக்கவே வேண்டாம். கரிசலின் குணம்தான் அதற்கும். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கு உகந்தது, கட்டடத்துக்கு ஆகாதது. மழை பெய்து களிமண் உப்பிவிட்டால் அதன் நுண்துளைகள் அடைபட்டுத் தண்ணீர் கீழே இறங்குவது கிட்டத்தட்ட நின்றே போகும். கோடையில் வெடித்துவிட்டால் இன்னொரு கேடு. வடிகட்டப்படாத கழிவுநீர் வெடிப்புகள் வழியே நேரே ஆழத்துக்குப் போய்விடும். சில இடங்களில் களிமண்ணுக்குச் சற்றுக் கீழேயே, பழைய கடல் விட்டுப்போன சுண்ணப்பாறை படுத்திருக்கிறது. அதற்குள்ளும் தண்ணீர் எளிதில் புகாது.

இப்படிப்பட்ட மண்ணில் வைத்த டேங்க் கெட்டுப்போகும் விதம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி. முதலில் கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் குளியலறைத் துவாரத்தில் குமிழி விடும். பிறகு குழாய் பதித்த இடத்தில் மட்டும் புல் அடர்ந்து பச்சையாக நிற்கும். அடுத்த மழைக்கு அங்கே நாற்றமடிக்கும் குட்டை. அதற்கடுத்த மழைக்கு அது திரும்பி வீட்டுக்குள் வரும். லாரி கூப்பிட்டு டேங்கை உறிஞ்சி எடுத்தால் சில நாள் தாங்கும். மண் மாறாததால் மறுபடியும் அதே கதை.

வழி ஒன்று உண்டு. வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து தரைக்கு மேலே மேடாகக் கொட்டி, டேங்கின் நீரை மோட்டார் வைத்து அதற்குள் ஏற்றி வடிகட்டலாம். செலவு 20,000 டாலரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அங்குள்ள பல குடும்பங்களின் ஓராண்டு வருமானமே அவ்வளவுதான். வங்கிக் கடன் கேட்கலாமே என்றால், நிலப் பத்திரம் தாத்தா பெயரிலோ அவருடைய அப்பா பெயரிலோ இருக்கிறது. உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தவர்களின் நிலம் பேரன் பேத்திகள் எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கிறது. அமெரிக்கத் தெற்கின் கறுப்பினக் குடும்பங்களில் இது பரவலான சிக்கல். அப்படிப்பட்ட நிலத்தை அடமானமாக ஏற்க எந்த வங்கியும் முன்வராது. மொபைல் ஹோமோ காரைப் போல வருடத்துக்கு வருடம் விலை இறங்கும் பொருள். வீட்டைவிட அதன் கழிவறைக் குழிக்கு விலை அதிகம் என்று சொல்லும்படியான நிலைமை.

பேசாமல் டவுன் சாக்கடையில் சேர்த்துவிட்டால்?

இதைக் கேள்விப்படுகிற எவரும் முதலில் கேட்பது இதைத்தான். டேங்க் சரிப்படாதென்றால் நகராட்சிக் குழாயில் இணைத்துவிட வேண்டியதுதானே? கேள்வி சரியானது. குழாய் வீட்டுக்கு அருகில் போகிறதென்றால் பெரும்பாலும் அதுவே நல்ல பதில். அந்த வேலையின் படிகளும் சிக்கலானவை அல்ல. வீட்டின் கழிவுக் குழாயைத் தெருக் குழாயின் மட்டத்துக்குச் சரிவாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நிர்வாகத்துக்கு இணைப்புக் கட்டணம், பிளம்பருக்குக் கூலி, பள்ளம் தோண்டும் செலவு. பழைய டேங்கை அப்படியே மூடிவைத்தால் என்றாவது மூடி உடைந்து குழந்தையோ மாடோ உள்ளே விழும். ஆகவே அதை லாரியால் காலி செய்து, அடித்தளத்தை உடைத்து, மணலோ ஜல்லியோ கொட்டி நிரப்ப வேண்டும். அதன்பிறகு மாதாமாதம் பில் வரும். ஏழைக் குடும்பத்துக்கு இந்த ஆரம்பச் செலவே மலைதான். ஆனாலும் மணல்மேடு கட்டுவதைவிடக் குறைவாகவே முடியும் வாய்ப்பு அதிகம்.

குழாய் அருகில் இல்லையென்றால் கணக்கே வேறு. சாக்கடை ஓடுவது புவியீர்ப்பில். வழக்கமாகப் பதிக்கும் 8 அங்குலக் குழாய்க்கு நூறு அடிக்குக் குறைந்தது 0.4 அடி சரிவு வேண்டும் என்பது அமெரிக்கப் பொறியாளர்கள் பின்பற்றும் விதி. நம் கணக்கில் ஒரு கிலோமீட்டருக்கு 4 மீட்டர். சமதரையில் இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் இரண்டு மாடி ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கே ஒரு பம்பிங் ஸ்டேஷன் கட்டி, கழிவை மேலே ஏற்றி, மறுபடி சரிவைத் தொடங்க வேண்டும். அதற்கு மின்சாரம், மோட்டார், கவனிக்க ஆள். தண்ணீர் ஒரு குறைந்தபட்ச வேகத்தில், நொடிக்கு 2 அடியாவது, ஓடினால்தான் மலம் குழாயில் படியாமல் நகரும். மைலுக்கு நான்கு வீடு என்றால் அந்த வேகத்துக்கான தண்ணீர் எங்கிருந்து வரும்? கழிவு வழியிலேயே தங்கி அழுகும். அதிலிருந்து கிளம்பும் வாயு கான்கிரீட்டையே அரித்துவிடும். நகரத் தெருவில் நூறு வீடுகள் பகிர்ந்துகொள்ளும் குழாய்ச் செலவை இங்கே நாலே வீடுகள் சுமக்க வேண்டியிருக்கும். தொலைவில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் பெரிய சாக்கடையை இழுத்துப்போவது புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கவில்லை. பொறியாளர்களும் அப்படிச் சொல்வதில்லை.

இதில் மண்ணையும் தூரத்தையும் விடப் பெரிய விஷயம் ஒன்றிருக்கிறது. தெருவுக்கடியில் ஓடும் குழாய் பொதுச்சொத்து, வீட்டுப் பின்புறத்து டேங்க் தனிச்சொத்து என்று அமெரிக்கச் சட்டமும் வரவுசெலவுத் திட்டமும் நெடுங்காலமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. 1972-இல் வந்த தூய நீர்ச் சட்டம் நகரங்கள் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்கான செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசின் மானியமாகக் கொடுத்தது. நாடு முழுக்க ஆறுகள் தெளிந்தது அந்தப் பணத்தால்தான். 1980-களில் மானியம் சுருங்கியது. 1987-இல் செய்த திருத்தம் அதைப் படிப்படியாக நிறுத்தி, மாநிலங்கள் வழியாகக் கடன் தரும் நிதியாக மாற்றியது. நகரத்துப் பணக்காரர் வீட்டுக் கழிவு அரசாங்கப் பணத்தில் போட்ட குழாயில் போயிற்று. லவுன்ட்ஸ் விவசாயக் கூலி வீட்டுக் கழிவோ அவர் தலையில் விழுந்தது. நகரத்தில் சாக்கடை உடைந்தால் மேயரைக் கேள்வி கேட்பார்கள். இங்கே டேங்க் உடைந்தால் போலீஸ் வந்தது. ஒரே தேசத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு நீதி. இந்தக் கதையில் என்னால் சகித்துக்கொள்ளவே முடியாத இடம் இதுதான்.

குழாய் வந்தும் விடியவில்லை

டவுன் சாக்கடையில் சேர்ந்தவர்கள் தப்பித்தார்களா என்று பார்த்தால், அதுவும் முழுமையாக இல்லை. கவுன்ட்டியின் தலைநகர் ஹேன்வில். அங்கே சாக்கடை உண்டு. கழிவுநீர் ஒரு பெரிய திறந்த குளத்துக்குப் போகிறது. வெயிலும் காற்றும் பாக்டீரியாவும் சேர்ந்து கழிவைச் சிதைக்கட்டும் என்பது அதன் திட்டம். சிறு ஊர்களுக்கு மலிவான முறை. குளத்தை ஒட்டியுள்ள வீட்டுக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் புகார், கனமழையில் கழிவு அதே குழாய் வழியே திரும்பி வீட்டுக்குள் வருகிறது என்பது. மாதப் பில்லும் கட்டுகிறார்கள், தரைவிரிப்பையும் பிய்த்து எறிகிறார்கள்.

அதே வட்டாரத்திலுள்ள பெர்ரி கவுன்ட்டியின் யூனியன்டவுன் இன்னும் கசப்பான உதாரணம். அங்கேயும் குளம்தான். அதில் தேங்கிய நீரை வயல்வெளியில் தெளித்து மண்ணுக்குக் குடிக்கக் கொடுப்பது திட்டம். மண் அதே கரிசல். குடிக்க மறுத்தது. தெளித்த நீர் ஓடைக்கு ஓடியது. வீட்டுப் பின்புறத்தில் தோற்ற அதே மண், அதே காரணத்தால், ஊர் அளவிலும் தோற்றது. ஒவ்வொரு வீட்டின் சிக்கலையும் குழாயில் திரட்டி ஊர்க்கோடியில் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் மிச்சம்.

இந்த ஊர்களின் நிர்வாகத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் மக்கள்தொகை குறைந்துகொண்டே போகும் ஊரில் பில் கட்டுகிறவர்களும் குறைகிறார்கள். குளத்துக்கும் பம்புக்கும் ஆகும் செலவு குறைவதில்லை. மீதமுள்ள சில நூறு குடும்பங்கள் மேல் கட்டணத்தை ஏற்றினால் அவர்களும் கட்ட முடியாமல் நிற்பார்கள். தேர்ந்த ஆபரேட்டரை வேலைக்கு வைக்கச் சம்பளம் போதாது. டவுன் சாக்கடை என்ற பெயர் ஒன்றே எந்த வீட்டையும் காப்பாற்றாது. அந்தக் குழாயின் மறுமுனையில் வேலை தெரிந்தவர்கள், பணம், பொருத்தமான நிலம் மூன்றும் இருக்க வேண்டும்.

பருத்தி நிலத்தின் வாரிசுகள்

இந்த மண்ணில் இவர்கள் ஏன் குடியிருக்கிறார்கள்? வேறு இடத்துக்குப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இவர்களுடைய முன்னோர் இங்கே விரும்பி வந்தவர்களில்லை. கரிசலில் பருத்தி விளைந்தது. பருத்திக்காக அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். விடுதலைக்குப் பிறகு அவர்களின் பிள்ளைகள் அதே நிலத்தில் குத்தகைக்கு உழைத்தார்கள். சேர்த்த காசில் கிடைத்த துண்டு நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

1965-இன் தொடக்கத்தில் மக்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவராக இருந்த இந்தக் கவுன்ட்டியில் வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பினத்தவர் பெயர்கூட இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு நடந்த 54 மைல் பேரணியின் பெரும்பகுதி லவுன்ட்ஸ் வழியேதான் சென்றது. பேரணி முடிந்த மார்ச் 25 இரவு, வந்தவர்களைக் காரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த டெட்ராய்ட் நகரப் பெண்மணி வயோலா லியூஸோவை இந்தக் கவுன்ட்டிச் சாலையில்தான் கூ க்ளக்ஸ் கிளான் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். வாக்காளராகப் பதிந்ததற்காகக் குத்தகை நிலத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் 80-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரங்கள் அடித்துத் தங்கின. அந்த இடத்துக்கு ‘டென்ட் சிட்டி’ என்றே பெயர். ஓட்டுரிமைக்காக வீட்டை இழந்த ஊர்க்காரர்களைப் பார்த்து, ‘வேறு ஊருக்குப் போய்விடுங்கள்’ என்று சொல்ல எப்படி நா எழுகிறது?

கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் லவுன்ட்ஸில் வளர்ந்தவர். பெற்றோர் இருவரும் உரிமைப் போராட்டக்காரர்கள். வெளியூர்களில் ஆசிரியையாக வேலை பார்த்துவிட்டு 2000-களின் தொடக்கத்தில், ஊருக்குத் தொழில் வாய்ப்புகள் கொண்டுவரலாம் என்ற எண்ணத்தோடு திரும்பி வந்தார். வந்தவர் கண்ணில் பட்டதோ கழிவுநீர்க் குட்டைகளும் கைது மிரட்டல்களும். சாக்கடை இல்லாத இடத்துக்கு எந்தத் தொழிற்சாலை வரும்? வேலை இல்லாத இடத்தில் சாக்கடைக்கு யார் பணம் போடுவார்கள்? இந்தச் சுழலை உடைப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். வீடு வீடாகப் போனார். செனட்டர்களையும் பத்திரிகையாளர்களையும் கூட்டிவந்து பின்புறத்துக் குட்டைகளுக்கு முன்னால் நிறுத்தினார். கௌரவத்துக்கு அஞ்சி இதைப் பேசாமலிருந்த மக்களைப் பேச வைத்தது அவருடைய மிகப்பெரிய சாதனை என்பேன். மலத்தைப் பற்றிப் பேசுவது எந்தச் சமூகத்திலும் எளிதல்ல. அதுவும் வழக்கு வரும் என்று தெரிந்தால் வாயைத் திறப்பவர் யார்?

ஒரு வீட்டின் கழிவுக் குட்டையருகே கொசுக்கள் கடித்து அவருக்கு உடம்பில் தடிப்பு வந்தது. மருத்துவச் சோதனைகளில் எதுவும் தெரியவில்லை. அமெரிக்க மருத்துவர்கள் தேடிப் பார்க்காத நோய் எதுவும் இங்கே இருக்குமோ என்ற ஐயம் அவருக்கு வந்தது. ஏழைகளின் வெப்பமண்டல நோய்களை ஆராயும் பேய்லர் மருத்துவக் கல்லூரியின் பீட்டர் ஹோட்டஸைத் தொடர்புகொண்டார். அதிலிருந்து பிறந்த ஆய்வு 2017-இல் வெளியானது. பரிசோதித்த 55 பேரில் 19 பேரிடம் கொக்கிப்புழுவின் மரபணுத் தடயம் இருந்தது. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோல் வழியே நுழைந்து, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சி, குழந்தைகளைச் சோகை பிடித்தவர்களாக்கும் புழு. அதை ஒழிக்க ராக்ஃபெல்லர் பணத்தில் 1909-இல் ஓர் ஆணையமே அமைத்து அமெரிக்கத் தெற்கு முழுக்கப் பாடுபட்டார்கள். ஒழிந்துவிட்டது என்று பாடப்புத்தகங்கள் சொன்னதுதான் திரும்பித் தலைகாட்டியது. 55 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதை வைத்துக் கவுன்ட்டி முழுவதுக்கும் தீர்ப்பெழுத முடியாது. ஆனாலும் அந்த எண் செய்தித்தாள்களின் கண்ணைத் திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா.வின் வறுமை குறித்த சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அலபாமாவுக்கு வந்து இந்தக் குட்டைகளைப் பார்த்துவிட்டு, வளர்ந்த நாடுகளில் காணக்கூடிய காட்சியல்ல இது என்ற பொருளில் பேசினார்.

2020-இல் ஃபிளவர்ஸுக்கு மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப் கிடைத்தது. ‘வேஸ்ட்’ என்ற அவரது நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது.

வாஷிங்டன் வந்தது, போனது

2018-இல் ஃபிளவர்ஸ் இந்தப் பணிக்காக நடத்திவந்த அமைப்பு மத்திய அரசிடம் ஒரு புகார் கொடுத்தது. அடிப்படை, 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்த அமைப்பும் இனத்தின் பெயரால் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அது. 2021 நவம்பரில் மத்திய அரசின் நீதித்துறை, அலபாமா பொதுச் சுகாதாரத் துறையின்மீதும் லவுன்ட்ஸ் கவுன்ட்டிச் சுகாதாரத் துறையின்மீதும் விசாரணை தொடங்கியது. சுற்றுச்சூழல் நீதிக்காக அந்தச் சட்டப்பிரிவின் கீழ் நீதித்துறை தொடங்கிய முதல் விசாரணை அது. 2022 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் முகமையும் வேளாண் துறையும் சேர்ந்து, கழிவுநீர் வசதியற்ற 11 சமூகங்களுக்கு உதவும் முன்னோட்டத் திட்டத்தை அறிவித்தன. அறிவிக்கத் தேர்ந்தெடுத்த இடம் லவுன்ட்ஸ்.

2023 மே 4 அன்று இடைக்கால உடன்பாடு கையெழுத்தானது. டேங்க் கெட்டுப்போனதற்காகக் குற்ற வழக்குப் போடுவதையும் வீட்டைப் பிணையாகப் பிடிப்பதையும் மாநிலச் சுகாதாரத் துறை நிறுத்த வேண்டும். எந்தெந்த வீட்டில் என்ன நிலை என்று கணக்கெடுக்க வேண்டும். மோசமான வீடுகளுக்கு முன்னுரிமை தந்து திட்டம் வகுக்க வேண்டும். முதல் முறையாக, வீட்டுக்காரர் என்ன செய்தார் என்ற கேள்வி போய், அரசாங்கம் என்ன செய்தது என்ற கேள்வி வந்தது. பொது நிதியும் வரத் தொடங்கியது. சில வீடுகளில் புதிய அமைப்புகள் பொருத்தும் வேலை ஆரம்பமானது.

2025 ஏப்ரல் 11 அன்று நீதித்துறை அந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டது. பன்முகத்தன்மை, சமத்துவத் திட்டங்களை நிறுத்தச் சொன்ன அதிபர் டிரம்ப்பின் ஆணையைக் காரணம் காட்டியது. சுற்றுச்சூழல் நீதி என்ற கண்ணாடி வழியே இனி இத்தகைய விஷயங்களைப் பார்க்கமாட்டோம் என்று அறிவித்தது. ஒதுக்கிய பணம் இருக்கும்வரை வேலையைத் தொடர்வோம் என்றது மாநிலச் சுகாதாரத் துறை. குடல் புழுவுக்கும் வீட்டுக்குள் ஏறும் சாக்கடைக்கும் கட்சி கிடையாது. ஒரு குழந்தையின் காலடியில் மலம் தேங்குவதை நிறுத்தும் ஒப்பந்தத்தை சித்தாந்தப் பெயர் சூட்டி ரத்து செய்ததற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

நடுவில் ஒரு வழி

ஊருக்கு ஒரு பெருஞ்சாக்கடை, வீட்டுக்கு ஒரு தனி டேங்க் என்ற இரண்டுக்கும் இடையில் ஒரு முறை இருக்கிறது. அலபாமா பொறியாளர்கள் சிலரின் உழைப்பு இப்போது அதில்தான். ஒவ்வொரு வீட்டிலும் நீர் புகாத, நல்ல டேங்க் ஒன்று இருக்கும். திடக்கழிவு அங்கேயே தங்கிவிடும். வெளிவரும் நீரை மட்டும் சிறு மோட்டார் ஒரு மெல்லிய குழாயில் தள்ளும். மலம் வராததால் குழாய்க்குப் பெரிய விட்டமும் தேவையில்லை, சரிவும் தேவையில்லை. மேடு பள்ளத்தோடு சேர்ந்து நாலடி ஆழத்தில் வளைந்து நெளிந்து போகலாம். இருபது முப்பது வீடுகளின் நீர் ஒரு சிறு சுத்திகரிப்பு அமைப்புக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு வீட்டின் பின்புறத்திலும் மண் சரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல், அக்கம்பக்கத்தில் தேடிப் பொருத்தமான ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியும்.

ஹேல் கவுன்ட்டியின் நியூபெர்ன் இருநூறு பேர்கூட இல்லாத ஊர். ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் ஏழைகளுக்கு வீடு கட்டிப் பழகும், 1993-இல் தொடங்கிய ‘ரூரல் ஸ்டூடியோ’ அங்கே இயங்குகிறது. அழகான வீடு கட்டிக் கொடுத்தும் கழிவுக்கு வழியில்லையென்றால் என்ன பயன் என்பது அவர்களுக்கு நேரடியாகவே உறைத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகப் பொறியாளர்களோடு சேர்ந்து அந்த ஊருக்கு இத்தகைய பகிர்வு அமைப்பைக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார்கள்.

இதிலும் மோட்டார் பழுதாகும், மிதவை சிக்கும், டேங்கில் சேறு நிரம்பும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வந்து சேற்றை எடுக்க வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்த அன்றைக்கே யாராவது வந்து பார்க்க வேண்டும். அந்த ‘யாராவது’ வீட்டுக்காரராக இருந்தால் பழைய கதை திரும்பிவிடும். எழுபது வயதுப் பாட்டிக்கு எந்த மோட்டாரை யாரிடம் வாங்குவது என்று எப்படித் தெரியும்? டேங்க் வீட்டு நிலத்தில் இருந்தாலும் உரிமையும் பராமரிப்பும் ஒரு பொது அமைப்பின் கையில் இருக்க வேண்டும். ஏழைகளால் கட்ட முடிகிற மாதக் கட்டணம், அதற்குமேல் ஆகும் செலவுக்கு அரசு நிதி, வண்டியில் கருவிகளோடு சுற்றிவரும் ஆபரேட்டர்கள். மின்சாரக் கம்பத்தில் கோளாறு என்றால் மின்வாரியத்து ஆள் வருகிறார். கம்பம் நிற்பது யாருடைய தோட்டத்தில் என்று அவர் கேட்பதில்லை.

அமெரிக்காவில் ஐந்தில் ஒரு வீட்டின் கழிவு செப்டிக் டேங்கில்தான் போகிறது. மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி மலைகளில் வெள்ளையினத் தொழிலாளர் வீடுகளிலிருந்தும் ஸ்ட்ரெய்ட் பைப் ஓடைக்குள் இறங்குகிறது. ஹவாய்த் தீவுகளில் அடித்தளமில்லாத கழிவுக்குழிகள் எண்பதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. 2050-க்குள் அவற்றை மாற்றியாக வேண்டும் என்று அந்த மாநிலம் 2017-இல் சட்டம் போட்டது. மழை கனக்கும் காலங்களில் லவுன்ட்ஸில் நிகழ்வது இனி வேறு இடங்களிலும் அதிகரிக்கும். லவுன்ட்ஸுக்கென்று அமர்த்தப்படும் ஆபரேட்டர்கள், அவர்களின் சம்பளத்துக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் பணம், அந்தப் பணத்தை ஆட்சி மாறினாலும் நிறுத்த முடியாதபடி எழுதப்படும் ஒரு மாநிலச் சட்டம். ஃபிளவர்ஸும் அவருடைய ஊர்க்காரர்களும் மான்ட்கோமரியிலுள்ள மாநிலச் சட்டமன்றத்திடம் அடுத்துக் கேட்டுப் பெற வேண்டியவை இவைதாம்.